இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் வழிகாட்டியுடன் பறவை பார்க்க மூன்று நாள் போதுமா, என்ன கொண்டுபோக வேண்டும்?

போதும், மழை குறைவான ஜனவரி முதல் மார்ச் வரை போனால். காட்டின் குடாவ நுழைவாயில் பக்கம் தங்குங்கள். வழிகாட்டியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

இங்கே பறவைகள் கலவைக் கூட்டமாகத் திரியும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் கலகலவென்று இலைகளைக் கிளறிப் போகும். கொண்டைக் கரிச்சான் கூடவே வரும், கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க. அந்த இரைச்சல் கேட்டதும் நின்றுவிடுங்கள். சிலம்பனோடு திருப்தியடையாமல் மேலே உச்சிக்கிளைகளையும் பாருங்கள். செம்முகப் பூங்குயில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓடித் துரத்தினால் கூட்டம் சரிவில் இறங்கி மறைந்துவிடும்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) நல்லது. 10x42 இந்த இருட்டுக் காட்டில் மங்கலாகத் தெரியும், கை நடுக்கமும் கூடும். ஏசி அறையில் வைத்த கருவியை வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படியும். விடியுமுன்பே வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு, முழங்கால்வரை வரும் நெருக்கமாக நெய்த துணிக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். சாதாரணக் காலுறையின் கண்ணிக்குள் அது நுழைந்துவிடும். ஒட்டிக்கொண்டால் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழிகாட்டியைத் தயவுசெய்து தடுங்கள். கூடு கட்டும் காலத்தில் அது பெரும் தொல்லை.