ஒரு வயதுக் குழந்தைக்கு வீட்டுச் சாப்பாட்டை எப்படிப் பழக்குவது?

ஒரு வயது முடிந்தும் குழந்தை இன்னும் கூழும் மசித்த பழமும்தான் சாப்பிடுகிறது, நாங்கள் சாப்பிடுவதை எப்போது கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே கொடுக்கலாம். தனிச் சமையல் தேவையில்லை.

முதலில் மிக்ஸியில் அரைப்பதை நிறுத்துங்கள். பருப்பு சாதத்தைக் குழைய வேகவைத்து, கொஞ்சம் நெய் விட்டு, கையால் பிசைந்தால் போதும். பருக்கை நாக்கில் தட்டுப்பட வேண்டும், அப்போதுதான் மென்று தின்னப் பழகும். போகப்போகப் பிசைவதையும் குறைத்துவிடலாம்.

சாம்பார் வைக்கும்போது உப்பும் மிளகாய்த்தூளும் போடுவதற்கு முன்பே, வெந்த பருப்பும் காயுமாக ஒரு கரண்டி தனியே எடுத்து வையுங்கள். அதுதான் குழந்தையின் பங்கு. இட்லி, தோசை, நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் தரலாம். கேரட்டை விரலால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்துக் கையிலேயே கொடுங்கள். சட்டையெல்லாம் அப்பிக்கொள்ளும், பரவாயில்லை.

பல வீடுகளில் சிக்கல் பாலில்தான். சரியாகச் சாப்பிடவில்லையே என்று பாட்டில் பாட்டிலாகப் பசும்பால் கொடுப்பார்கள். வயிறு நிறைந்துவிடும், சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். தாய்ப்பாலை 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

முழு வேர்க்கடலை கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடவிட்டு ஊட்டாமல் உட்காரவைத்து, நாளுக்கு 3, 4 வேளை கொடுங்கள். துப்பினால் வற்புறுத்தாதீர்கள், சில நாள் கழித்து அதையே மறுபடி வைத்துப் பாருங்கள். எடை ஏறாமலே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.