எலும்பு ஸ்லைடுல ஆஸ்டியோகிளாஸ்ட் எண்ணுறவங்க சந்தேகம் கேக்கலாம்

எலும்பை அரிக்கிற செல்லை ஸ்லைடுல எண்ணுறது பத்தி வந்த கேள்விங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அக்கா, சுண்டெலி தொடை எலும்புல ட்ராப் ஸ்டெயின் போட்டேன், ஸ்லைடு பூரா பச்சை, ஒரு சிவப்பு கூட தெரியல. ஃபார்மிக் ஆசிட்லதான் கால்சியத்தை எடுத்தோம்.

பதில்: ஆசிட்தான் கெடுத்திருக்கும்பா. ட்ராப் ஆஸ்டியோகிளாஸ்ட்ல இருக்குற ஒரு என்சைம், அது வேலை செஞ்சாதான் சிவப்பு கலர் வரும், ஆசிட்ல ஊறப்போட்டா செத்துடும். அதுக்கு பதிலா கால்சியத்தை மெதுவா எடுக்குற ஈடிடிஏ கரைசல் போடு, 14%, பிஹெச் 7.4, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு வாரம், நடுநடுவுல கரைசலை மாத்திட்டே இருக்கணும், அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது. குருத்தெலும்புத் தட்டுக்கு (எலும்பு நீளமா வளர்ற இடம்) கீழ எப்பவுமே சிவப்பு நெறைய இருக்கும், அங்கயும் இல்லன்னா கோளாறு ஸ்டெயின்லதான், எலியை சந்தேகப்படாத.

கேள்வி: மூணு நியூக்ளியஸ் இருந்தாதான் கணக்கா?

பதில்: அது செல்லை கல்ச்சர் தட்டுல வளர்த்துப் பாக்குறவங்க ரூல். நீங்க பாக்குறது 5 மைக்ரான் சீவல், பெரிய செல்லோட ஒரு ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தா ஒரு நியூக்ளியஸ்தான் தெரியும். சிவப்பா, எலும்பை ஒட்டி உக்காந்திருக்கா, எண்ணுங்க. மஜ்ஜைக்குள்ள தனியா கெடக்குற சிவப்பை விட்டுடுங்க, சில மேக்ரோஃபேஜும் (கிருமி, கழிவை விழுங்குற செல்) அந்தக் கலர் எடுக்கும்.

கேள்வி: மேடம், ஒரு ஃபீல்டுக்கு, அதாவது மைக்ராஸ்கோப்ல ஒரு தடவை தெரியுற வட்டத்துக்கு, இத்தனைன்னு எழுதலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்லைடுல 5 மில்லிமீட்டர் எலும்புப் பரப்பு (சீவல்ல தெரியுற எலும்பு ஓரத்தோட நீளம்), 10 செல். இன்னொண்ணுல எலும்பே கரைஞ்சுபோய் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம், 8 செல். ஃபீல்டு கணக்குல ரெண்டாவது குறைச்சல் மாதிரி தெரியும், பரப்பால வகுத்தா மில்லிமீட்டருக்கு முதல்ல 2, ரெண்டாவதுல 4, டபுள்! கூடவே பரப்புல எத்தனை சதவீதத்தை செல் மூடியிருக்குன்னும் குடுங்க. இந்த அளவுகளுக்கு 1987-லயே பேரு வச்சு 2013-ல திருத்தியும் விட்டாங்க, அதையே எழுதுங்க, புதுசா பேரு கண்டுபிடிக்காதீங்க.

கேள்வி: எங்க ஆரம்பிச்சு எண்ணணும்?

பதில்: குருத்தெலும்புத் தட்டை ஒட்டின பகுதியை சேக்காம, கொஞ்சம் கீழ தள்ளி. எல்லா எலிக்கும் அதே தூரம்.

கேள்வி: எலும்பு அரிப்பைத் தடுக்குற அலெண்ட்ரோனேட் மருந்து குடுத்தும் எண்ணிக்கை குறையல, மருந்து வேலை செய்யலயா அக்கா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீங்க. செல் இருக்கும், ஆனா அரிக்காது. பூதம் மாதிரி வீங்கி, நியூக்ளியஸ் ஏகப்பட்டது வச்சுக்கிட்டு, எலும்பை விட்டு விலகி நிக்குதான்னு பாருங்க. ரத்தத்துல சிடிஎக்ஸும் பாத்துடுங்க, எலும்பு கரையும்போது வர்ற கொலாஜன் துண்டு அது, எண்ணிக்கை அப்படியே இருந்து சிடிஎக்ஸ் இறங்கியிருந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்புறம், எது மருந்து குடுத்த எலின்னு தெரியாம இருக்க, எண்ணும்போது லேபிளை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சீங்களா? இல்லன்னா மறைச்சிட்டு திரும்ப எண்ணுங்க.