ஊசியைப் பார்த்தாலே மயக்கம்: ஹிப்னோதெரபி போதுமா?

ஊசி பயத்தால் வரும் மயக்கத்துக்கு ஹிப்னோதெரபி (அறிதுயில் நிலையில் மனதுக்கு ஆலோசனை சொல்லும் சிகிச்சை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயத்தைக் குறைக்க அது உதவலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மயக்கத்துக்கு அது மட்டும் போதாது.

ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்ததும் இரண்டு முறை விழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாம்பைக் கண்டு பயப்படுகிறவருக்கு ரத்த அழுத்தம் ஏறும், பெரும்பாலும் விழமாட்டார். ரத்தம், ஊசி என்ற பயத்தில்தான் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். கண் இருட்டுவது அதனால்தான். அந்த நேரத்தில் 'உடம்பைத் தளர்த்துங்கள்' என்றால் இன்னும் இறங்கத்தான் வாய்ப்பு. ஹிப்னோதெரபியில் பெரும்பாலும் சொல்வதோ அதைத்தான்!

ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர்மாறான வழியைச் சோதித்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10–15 வினாடி இறுக்குங்கள். அப்புறம் 20–30 வினாடி சாதாரணமாக விடுங்கள். இப்படி ஐந்து தடவை. சில நாள் வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும்.

வீட்டில் பிபி கருவி இருந்தால் இறுக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். கொஞ்சம் ஏறினால் சரியாகச் செய்கிறீர்கள்.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ஊசி இல்லாத நேரத்திலும் மயக்கம் வந்தால் அது வேறு கதை, தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இறுக்கும் பயிற்சி கைவரும்வரை ரத்தம் எடுப்பவரிடம் "படுத்துக்கொண்டே கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.