வானியலைச் சொல்லித்தரும் தளத்தில் இன்ஃபோகிராபிக் போட்டால் பாடம் மேலோட்டமாகிவிடுமா?

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு வானியல் தளம் தொடங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்ஃபோகிராபிக், அதாவது விவரங்களை வரைந்து காட்டும் படம், அதிகமானால் பாடம் நீர்த்துப்போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். பாடப் படங்கள் வரைவதுதான் என் பிழைப்பு என்பதால் இதில் கொஞ்சம் சூடாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். வானியலாளர்களே படம் வரைந்துதான் பல விஷயங்களைக் கண்ணால் பார்த்தார்கள். சூரியனின் முகத்தில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகள் எந்த ஆண்டில் எந்த அட்சரேகையில் தோன்றின என்பதை இங்கிலாந்தின் மாண்டர் தம்பதி 1904-ல் ஒரே தாளில் குறித்து வைத்தார்கள். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் நடுக்கோட்டை நோக்கி இறங்கி வருவது அதில் பளிச்சென்று தெரிகிறது. வண்ணத்துப்பூச்சி வரைபடம் என்றே அதற்குப் பெயர். இன்றைக்கும் சூரியனை ஆராய்கிறவர்கள் அதைத் தொடர்ந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதை யாராவது மேலோட்டம் என்பார்களா?

நான் கேட்பது ஒன்றுதான். வானத்தைத் திரைக்குள் அடக்கும்போது எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். எதை மாற்றினோம் என்பதைப் படத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். இதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஒரு கல்வித் தளத்தில் (பெயர் வேண்டாம்) பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் படம் கேட்டார்கள். பூமியின் விட்டம் சுமார் 12,740 கி.மீ., நிலவின் விட்டம் 3,474 கி.மீ., நடுவே சராசரியாக 3,84,400 கி.மீ. ஒரு அடி ஸ்கேலின் இந்த முனையில் ஒரு சென்டிமீட்டருக்குப் பூமியை வரைந்தால், நிலவு அந்த முனையில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி. அளவு மாறாமல் அப்படியே வரைந்து அனுப்பினேன். பொறுப்பாளர் போன் செய்தார். "நடுவுல இவ்வளவு இடம் சும்மா கிடக்கே சார், நிலாவைக் கொஞ்சம் கிட்ட இழுத்து விடுங்களேன்." அந்த வெற்றிடம்தான் பாடமே என்று எவ்வளவோ சொன்னேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டவர், எனக்குச் சொல்லாமலே நிலவைப் பூமியின் பக்கத்தில் ஒட்டி, கீழே என் பெயரோடு வெளியிட்டுவிட்டார். பெயரை எடுக்கச் சொல்லி எடுக்க வைத்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம் அதே படத்தைக் கைப்பேசிக்கு ஏற்றபடி மேலிருந்து கீழாக நீட்டி வரைந்து, ஏழாவது படிக்கும் அக்கா மகளிடம் கொடுத்தேன். பூமியைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போனவள், "மாமா, போன் ஹேங் ஆயிடுச்சா?" என்றாள். "இல்லம்மா, தள்ளிக்கிட்டே போ." கடைசியில் நிலவு வந்ததும் அவளாகவே கேட்டாள்: "அப்போ சூரியன் எங்க இருக்கும்?" பூமி ஒரு சென்டிமீட்டர் என்றால் சூரியன் 117 மீட்டர் தள்ளி, ஒரு மீட்டருக்குச் சற்றே பெரிய உருண்டை. நெப்டியூன் மூன்றரை கிலோமீட்டர் தள்ளி. சொன்னதும் பால்கனிக்கு ஓடி, "மளிகைக் கடை வரைக்குமா?" என்று தெருவை அளக்க ஆரம்பித்துவிட்டாள். நிலவை இழுத்து ஒட்டிய படம் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்திருக்காது.

உடனே கமெண்டில், "எல்லாவற்றையும் அளவு மாறாமல் வரைய முடியாதே" என்று சிலர் வருவார்கள். முடியாதுதான், நானும் வரைவதில்லை. கோள்களின் பருமனை ஒப்பிடும்போது தூரத்தை விட்டுவிடுவேன். ஆனால் "பருமன் மட்டும் அளவுப்படி, தூரம் அளவுப்படி இல்லை" என்று கோள்களுக்கு நடுவிலேயே எழுதுவேன். பூமிக்கும் நிலவுக்கும் நடுவே மற்ற ஏழு கோள்களும் அடங்கும் என்று ஒரு படம் சுற்றுகிறதே, பார்த்திருப்பீர்கள். எனக்கும் பிடித்த படம்தான். மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் கணக்கு சரி. தரையிலிருந்து தரைக்கு அளந்தால் சராசரித் தூரத்தில் சுமார் 3,700 கி.மீ. இடிக்கும். ஒரு வரி சேர்த்திருந்தால் குறையே இல்லை.

அடுத்தது பருவகாலப் படம். முட்டை வடிவப் பாதையில் பூமி போவதாகப் போட்டுவிடுகிறார்கள். உண்மையான பாதையை 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் பென்சில் கோட்டைவிட மெல்லியது. சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் வட்டமும் முட்டையாகத் தெரியும், அது வரைபவருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. நீளும் பக்கத்தில் குளிர், ஒட்டும் பக்கத்தில் வெயில் என்று மனதில் பதிந்துவிடுகிறது. 1987-ல் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவர்களிடம் கோடை ஏன் வருகிறது என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் தூரத்தைத்தான் காரணம் சொன்னார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பது ஜனவரி முதல் வாரம், நமக்கு மார்கழி. ஜூலையில் 15.2 கோடி. பருவத்துக்குக் காரணம் 23.4 டிகிரி அச்சுச் சாய்வு. நான் மேலிருந்து பார்க்கும் வட்டமாக ஒன்று, பக்கவாட்டில் சாய்வைக் காட்டி ஒன்று என்று இரண்டு படமாகவே போடுவேன்.

விளக்கத்தைப் படத்துக்குக் கீழே தனிப் பட்டையில் வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள். தீபாவளி இரவில் இந்தியா என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் வருகிற படம் தீபாவளிப் படமே இல்லை. அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளில் பதிந்த விளக்கொளியின் தொகுப்பு. 1992-க்கு முன்பே இருந்தது வெள்ளை, 1992-ல் சேர்ந்தது நீலம், 1998-ல் பச்சை, 2003-ல் சிவப்பு. ஊர்கள் பெருகியதைக் காட்ட வரைந்த அருமையான இன்ஃபோகிராபிக் அது. நிறக் குறிப்பு போனதும் பொய்யாகிவிட்டது.

எழுத்தை முழுக்கப் படத்துக்குள் அடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடவும் கூடாது. பார்வையற்ற மாணவர்களின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. அதே விவரத்தைப் பக்கத்தில் உரையாகவும் கொடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். தளம் நடத்துபவர்கள் சர்வருக்குக் காசு கட்டுகிறார்கள், டொமைனுக்குக் கட்டுகிறார்கள். படம் வரைபவரிடம் வந்தால் மட்டும், "சேவைதானே சார், ஒரு படம்தானே" என்கிறார்கள். நிலவின் பிறைகளை ஒழுங்காக வரைய, சூரிய ஒளி வரும் திசையைச் சரிபார்க்க, தமிழ் எழுத்து உடையாமல் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர் இல்லை. காசு இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம், நல்ல வேலைக்கு நான் இலவசமாகவும் வரைந்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் யாரிடமாவது படம் கேட்டால், எவ்வளவு தருவீர்கள் என்பதையும், அவரைக் கேட்காமல் படத்தில் கை வைக்க மாட்டீர்கள் என்பதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.