பேன் சீப்புக்காகவும் ஜெபிக்கலாம்

வறுமையில் வாழும் பிள்ளைகளுக்கான மாலை நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் 22 ஆண்டுகள் தன்னார்வலராக இருந்த அக்கா, இந்த மாதம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் சபையிலிருந்து 11 பேர் வாரம் மூன்று நாள் ஏழைப் பிள்ளைகளைக் கவனிக்கப் போகிறார்கள். ஜெபக்கூட்டத்தில் அவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பு என்னுடையது. "ஆசீர்வதியும், பெலப்படுத்தும், எடுத்துப் பயன்படுத்தும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. ஒரு ஜெபம் எழுதித் தருவீர்களா அக்கா?

தருகிறேன் தம்பி. அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் ஜெபத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்று வரியைப் பாடகர் குழுவுக்கும் சொல்லலாம், மைக் செட் பார்க்கிறவருக்கும் சொல்லலாம். உங்களுக்குப் பஞ்சம் வார்த்தையில் இல்லை, விவரத்தில்தான். அந்த 11 பேரில் ஒருவரையாவது நிறுத்தி, "நேற்று அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டதுண்டா?

நான் சேர்ந்த அன்று சபையில் என்னை முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அக்கினி, அபிஷேகம், திறந்த வாசல் என்று பெரிய பெரிய வார்த்தைகள். மறுநாள் போனால் எனக்குக் கொடுத்த வேலை பேன் பார்ப்பது! 19 தலை, ஒரே சீப்பு. அதில் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலையெல்லாம் புண். சீப்பைக் கண்டாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளை வெளியே வரவைக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எனக்குத் தேவைப்பட்டது பொறுமை. அப்புறம் இன்னொரு சீப்பு. என் அத்தை ஒருத்திதான், "இன்றைக்கு உனக்கு என்னவென்று ஜெபிக்க?" என்று கேட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். சீப்புக்காக ஜெபித்தாள். மறுநாள் இரண்டு சீப்பு வாங்கியும் கொடுத்தனுப்பினாள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்காக ஜெபித்தார், பணத்துக்காக ஜெபித்தார், வேலையாட்களுக்காக ஜெபித்தார். பிள்ளைகள் வரவேண்டும் என்று மட்டும் ஜெபிக்கவில்லை. அநாதைப் பிள்ளைகளுக்கா பஞ்சம், தானாக வருவார்கள் என்று நினைத்துவிட்டார். 1836 பிப்ரவரியில் விண்ணப்பம் வாங்க உட்கார்ந்தால் ஒருவர்கூட வரவில்லை. அன்று மாலை அதற்காகவே ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. விண்ணப்பம் வந்ததைவிட, தன் ஜெபத்தில் எங்கே ஓட்டை என்று அவர் தேடிப் பார்த்ததுதான் எனக்குப் பிடிக்கும். (அவர் மனிதரிடம் பணம் கேட்டதில்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். வரவு செலவைத் தன் அறிக்கைகளில் அச்சிட்டு வெளியிட்டார் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.)

இப்போது நீங்கள் கேட்டது. அப்படியே சொல்லவேண்டும் என்றில்லை. உங்கள் ஆட்கள் சொல்லும் விவரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பனாகிய ஆண்டவரே, நாளை மாலை அந்தக் கதவைத் திறக்கப்போகிறவர்களை உம்மிடம் கொண்டுவருகிறோம். பிள்ளைகள் ஓடிவரும்போது அவர்கள் களைத்திருப்பார்கள். களைப்பு கோபமாக மாறாதபடி காத்தருளும். கடித்த பிள்ளையின் பல்தடம் கையில் இருக்கும்போதே அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அன்பாய்க் கூப்பிட அவர்களுக்குத் தயவு தாரும். சாப்பாட்டைச் சட்டைப்பைக்குள் ஒளிக்கிற பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிடாதபடி அவர்கள் நாவைக் காத்துக்கொள்ளும். நாளைக்கு வருவேன் என்று சொன்னால் வரவும், வர முடியாதென்றால் அதைச் சொல்லவும் உதவிசெய்யும். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரை இளக்காரமாகப் பார்க்கிற பார்வை எங்களில் இருந்தால் அதை எடுத்துப்போடும். பிறர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இவர்கள் வீடு திரும்பும்வரை காத்திருக்கிற இவர்களுடைய சொந்தப் பிள்ளைகளையும் நினைத்தருளும். நாங்கள் செய்யவேண்டியதை ஜெபத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் எங்களைப் பிடித்துத் தள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்."

கடைசி வரி மரியாதைக் குறைவாக இருக்கிறது என்று ஒரு மூப்பர் சொன்னார். நான் மாற்றவில்லை.

நாளைக்கு வருவேன் என்கிற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளில் பலரை யாராவது ஒருவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். ஆறு வாரம் வந்து, மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டு, ஏழாவது வாரம் சொல்லாமல் நின்றுபோகிற தன்னார்வலர் அந்தப் பட்டியலில் இன்னொருவர் ஆகிறார்.

இன்னொன்று: பிள்ளையின் பெயரும் வீட்டு விஷயமும் பொது ஜெபத்தில் வேண்டாம். இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு பையனின் அப்பா சிறையில் இருந்தார். கண்ணீரோடு கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபித்தேன், எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே. அடுத்த வாரம் ஒரு பிள்ளை அதைச் சொல்லி அவனைக் கேலி செய்தது. ஒரு மாதம் அவன் மையத்துப் பக்கமே வரவில்லை. ஆண்டவருக்கு அவன் பெயர் முன்னமே தெரியும். அப்படியானால் நான் யாருக்குச் சொன்னேன்? இப்போது வாட்ஸ்அப் ஜெபக்குழு வேறு வந்துவிட்டது. "ஒரு பிள்ளைக்காக" என்றால் போதும்.

கேள்வி: என்னிடம் ஒரு சிறுமி, தனக்குப் பெரியவர் ஒருவரால் நடக்கும் கொடுமையைச் சொன்னாள். எங்கள் பொறுப்பாளரிடம் போனேன். "ஜெபத்தில் வைப்போம், வெளியே தெரிந்தால் ஊழியத்துக்குக் கெட்ட பெயர்" என்கிறார். நான் என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

மகளே, இந்த இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி இது. அதனால் ஆசிரியர் மூலம் உனக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

புகார் கொடு. உங்கள் அமைப்பில் பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று ஒருவர் இருந்தால் இன்றே அவரிடம் போ. அவரும் மழுப்பினால் காவல்துறைக்கோ, குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசு அலுவலகத்துக்கோ நேரே போ. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு, இன்றே எழுதிவை. தோண்டித் தோண்டிக் கேட்காதே. விசாரிப்பது அதற்குப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுக்காதே. "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல். குற்றம் சாட்டப்பட்ட ஆளிடம் நீயாகப் போய்ப் பேசாதே. அவன் எச்சரிக்கை ஆகிவிடுவான், அடி பிள்ளைக்கு விழும். அவளிடம் மன்னிப்பைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம். அப்படிப் பேச வருகிற போதகர் இருந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

ஊழியத்தின் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மத்தேயு 18:6-ஐ ஒருமுறை வாசிக்கட்டும். சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொன்னவர் இயேசு. தாவீது ராஜா பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் ஜெபக்குறிப்பு வாங்கப் போகவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். புகார் கொடுக்கப் போகிற வழியில் கால் நடுங்கும், அப்போது ஜெபி. அந்த ஜெபத்தில் நானும் உன்னோடு இருக்கிறேன்.

கேள்வி: நான்கு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் மிகவும் நேசித்த ஒரு பையனின் குடும்பம் ஒரே இரவில் எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. பாவமா?

இல்லை. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, சாகிறேன் என்றபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். நீங்கள் முதலில் இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள். எப்போது திரும்பி வருவீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. ஏழு மாதம். ஒரு பெண்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோன பிறகு. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. கோபம் வராத நாளில் தூக்கம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். முன்னும் பின்னும் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பெயரின்மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்தே வாசித்தேன். அது ஜெபமா என்று கேட்டால் எனக்கு ரோமர் 8:26-தான் ஞாபகம் வருகிறது: ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்கிறார் பவுல். பெருமூச்சு விடத் தெரியாத தன்னார்வலரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தப் பையனை நீங்கள் மறுபடி பார்ப்பீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவன் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்கொடையாளர்கள் வரும்போது பிள்ளைகளை நிறுத்தி ஜெபிக்க வைப்பதும், அவர்கள் கஷ்டத்தைச் சாட்சியாகச் சொல்லவைப்பதும் சரியா?

சரியில்லை. தன் வீட்டு அவமானத்தைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கும் பிள்ளை, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லக் கற்றுக்கொள்ளும். மாற்கு 10-ஐப் பாருங்கள். இயேசு பிள்ளைகளை அணைத்துக்கொண்டார், கைகளை வைத்தார், ஆசீர்வதித்தார். ஒரு பிள்ளையையும் எழுந்து நின்று பேசச் சொல்லவில்லை. ஜெபிக்க ஆசைப்படுகிற நன்கொடையாளர் தாராளமாகத் தன்னார்வலர்களுக்காக ஜெபித்துவிட்டுப் போகட்டும். கூடவே அந்தக் கழிப்பறைக் கதவையும் சரிசெய்து கொடுக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 78. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறேன். பிள்ளைகளிடம் போக முடியாத நான் ஜெபிப்பதால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

அம்மா, டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அங்கிருந்தே ஜெபித்தார், எழுதினார், பிள்ளைகளுக்கு அம்மாவாகவும் இருந்தார்.

உங்களுக்குத் தெரிந்த தன்னார்வலர் ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போனில் கூப்பிட்டு, "உனக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேளுங்கள். எனக்கு அது மாலை ஐந்தரை மணி. குடித்துவிட்டு வரும் அப்பாக்கள் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நேரம். யாரிடம் அனுப்புவது, எப்படி அனுப்ப மறுப்பது என்று தினமும் வயிறு கலங்கும். அந்த ஐந்தரைக்கு எங்கோ ஒரு கட்டிலில் ஒருவர் எனக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருந்தால் கதவண்டை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன். முழங்கால் போட முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். என்னாலும் இப்போது முடிவதில்லை.