கடனில் கிட்டார் ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு வயது 29. வேளச்சேரியில் வாடகை வீடு, ஐடி வேலை. கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 49,000 போய்விடும். போன் வாங்கிய இஎம்ஐ 4,200 இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதச் சேமிப்பு) 8,000. அவசரத்துக்கென்று 90,000 தனியாக வைத்திருக்கிறேன். ஐந்து நண்பர்கள் சேர்ந்து பிறரின் ராக் பாட்டுகளை வாசிக்கும் கவர்ஸ் பேண்ட் நடத்துகிறோம், நான் லீட் கிட்டார். ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் பப்களில் மாதம் மூன்று ஷோ கிடைக்கிறது. ஒரு ஷோவுக்கு என் பங்கு 4,000. அதில் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாடகை 1,500, வண்டிக்கு 400. சொந்தமாக ஆம்ப் வாங்க 25,000 சேர்த்திருக்கிறேன். கடையில் மார்ஷல் டிஎஸ்எல்40 1,15,000 என்றும், பாஸ் கட்டானா 100 46,000 என்றும் சொன்னார்கள். மார்ஷலுக்கு 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ உண்டாம். பேண்டில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மார்ஷலையே வாங்கலாம் என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து டிசம்பரில் வரும் அண்ணன், ‘நான் ஒன்று வாங்கி வரட்டுமா?’ என்று கேட்கிறார். எல்லா வகைப் பாட்டுக்கும் ஒத்துவர வேண்டும். எதை வாங்கலாம், எப்படி வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு விஷயத்துக்குப் பாராட்டு. செலவுக் கணக்கை ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், ஆம்ப் வாடகை உட்பட. அந்த 1,500 ரூபாய்தான் உங்கள் கேள்விக்கே சாவி.

மாதம் மூன்று ஷோ என்றால் வாடகைக்கு மட்டும் 4,500 போகிறது. சொந்த ஆம்ப் வந்தால் இது மிச்சம். 46,000 ரூபாய் ஆம்ப் இந்த மிச்சத்திலேயே பத்து மாதத்தில் தன் விலையை எடுத்துக் கொடுத்துவிடும். 1,15,000 ரூபாய் ஆம்ப்புக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு வருடமும் பேண்ட் உடையாமல் இருக்க வேண்டும், ஷோ குறையாமல் இருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ரிசப்ஷன் வராது. 2020 மார்ச்சில் மூடிய பப்கள் எத்தனை மாதம் கழித்துத் திறந்தன என்பதை மேடையில் பிழைத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் ஷோ வருமானத்தை நம்பி இஎம்ஐ போடாதீர்கள். சம்பளத்தில் எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது 6,800. மார்ஷலின் தவணை 9,583. ஒரு மாதம் ஷோ வராவிட்டால் எஸ்ஐபியை நிறுத்துவீர்கள், அடுத்த மாதம் அவசரப் பணத்தில் கை வைப்பீர்கள். அந்த 90,000 ஏற்கெனவே இரண்டு மாதச் செலவுக்குக்கூட முழுதாக வராது.

அப்புறம், நோ காஸ்ட் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். வங்கி வட்டி வாங்காமல் கடன் தருவதில்லை. கிரெடிட் கார்டுகளின் பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி வேறு கட்டணமாக ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் கண்டித்தது. இன்று நடப்பது இதுதான்: வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டி, அதே தொகையை வட்டியாகத் தவணையில் வசூலிக்கிறார்கள். வட்டி 15 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால், 1,15,000-க்குள் சுமார் 8,800 ரூபாய் வட்டி அடங்கியிருக்கும். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 1,590 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. கடைக்காரர் அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால், முழுப் பணத்தோடு போய் நிற்பவர் அதையே விலைக் குறைப்பாகக் கேட்டு வாங்கலாம்.

இனி ஆம்ப்புக்கு வருவோம். நான் நிதி ஆலோசகன்தான், ஆனாலும் கல்லூரி நாட்களில் நான்கு வருடம் ரிதம் கிட்டார் வாசித்தவன். மார்ஷல் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-ல் தொடங்கிய அந்த வழியிலிருந்துதான் ராக் கிட்டாரின் பாதி ஒலி வந்தது. டிஎஸ்எல்40 நல்ல ஆம்ப், அதில் சந்தேகமே இல்லை. க்ளீன் (சுத்தமான ஒலி), கிரஞ்ச் (லேசான கரகரப்பு), லீட் (கனமான ஒலி) மூன்றையும் தரும். 40 வாட்டை 20 ஆகக் குறைக்கும் வசதியும் உண்டு.

ஆனால் கவர்ஸ் பேண்டின் தேவை வேறு. சொந்தப் பாட்டு வாசிக்கும் பேண்டுக்கு ஒரே ஒலி அடையாளமாக இருக்கலாம். நீங்கள் ஏசி/டிசி பாட்டுக்கு மார்ஷல் ஒலி தர வேண்டும், அடுத்த பாட்டு க்வீன் என்றால் வாக்ஸ் ஏசி30 ஆம்ப் மாதிரி ஒலிக்க வேண்டும், அதற்கடுத்து ஒரு மெல்லிய பாட்டுக்கு ஃபெண்டர் ஆம்ப் மாதிரி சுத்தமான மணியோசை வேண்டும். நடுவே டிலே, கோரஸ், ரிவெர்ப் என்று எதிரொலி மாதிரியான எஃபெக்ட்கள். டிஎஸ்எல்லில் ரிவெர்ப் இருக்கிறது, மற்றதற்கெல்லாம் பெடல் (காலால் தட்டி இயக்கும் எஃபெக்ட் பெட்டி) வேண்டும். நான்கு பெடல், அவற்றுக்குப் பவர் சப்ளை, பலகை, பேட்ச் கேபிள் என்று 1,15,000 தாண்டி இன்னொரு பட்டியல் வளரும். கட்டானாவில் க்ளீன், கிரஞ்ச், லீட், பிரவுன் என்று ஒலி வகைகள் உள்ளேயே இருக்கின்றன, எஃபெக்ட்களும் கூடவே வருகின்றன. பாட்டுக்கு ஏற்றபடி வீட்டிலேயே அமைத்துச் சேமித்துவைத்து, மேடையில் காலால் தட்டி மாற்றலாம்.

டிஎஸ்எல்40 மாதிரி கண்ணாடி வால்வுகளில் ஓடும் ட்யூப் ஆம்ப்பின் அழகு உண்மையானது. ஆனால் அந்த அழகு முழுதாக வெளிவருவது வால்யூமைத் திறந்துவிடும்போதுதான். பவர் வால்வுகள் திணற ஆரம்பிக்கும் இடத்தில்தான் அந்த இனிமை இருக்கிறது. அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிடும் பப்பில் 40 வாட் ட்யூப் ஆம்ப்பை அந்த அளவுக்குத் திறக்க விடவே மாட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே மேனேஜர் வந்து, கையைக் கீழே காட்டிக் குறைக்கச் சொல்வார். உங்களுக்கு இது ஒருமுறையாவது நடந்திருக்கும். அந்த அறையில் எட்டவே முடியாத ஒலிக்கு 69,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

வாட் கணக்கிலும் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். டிரம்மரோடு ஈடுகொடுக்க 50 வாட் போதும். பெரிய மேடையில் ஆம்ப் முன்னால் மைக் வைத்து பிஏ (அரங்கின் பொது ஒலிபெருக்கி) வழியாகத்தான் சத்தம் போகப்போகிறது. அப்படியானால் ஏன் கட்டானா 50 வேண்டாம், 100 வாங்குங்கள் என்கிறேன்? வாட்டுக்காக இல்லை. 100-ல் வெளிப் பெடல்களை இணைக்க எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறது, சேமித்துவைக்க இடமும் கூடுதல். 0.5 வாட் வரை குறைத்து இரவில் வீட்டில் பயிற்சி செய்வது இரண்டிலுமே முடியும். ஆம்ப்பே இல்லாமல், ஆம்ப் ஒலியை நகலெடுக்கும் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரி பெட்டியை நேராக பிஏவில் செருகும் வழியும் உண்டு. ஆனால் மேடையில் வாசிப்பவர் பக்கம் திருப்பிய மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லாத பப்பில் உங்கள் கிட்டார் உங்களுக்கே கேட்காது. இப்போதைக்கு அது வேண்டாம்.

எடையையும் செலவில் சேர்க்கணும். டிஎஸ்எல்40 சுமார் 23 கிலோ, கட்டானா சுமார் 15. மாடியில் இருக்கும் பப்புக்கு லிஃப்ட் இல்லை என்றால், கிட்டாரை முதுகில் மாட்டி, 23 கிலோவை ஒற்றைக் கைப்பிடியில் தூக்கி ஏறுங்கள், தெரியும். பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு போகவும் முடியாது. உங்கள் 400 ரூபாய் வண்டிச் செலவு பெரிய வண்டிச் செலவாகும்.

பவர் வால்வுகள் தேயும் பொருள். அடிக்கடி வாசிப்பவர் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், மாற்றிய பின் பயஸ் (வால்வில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிபார்க்கத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும். இன்று உலகத்துக்கே வால்வு வருவது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆலைகளிலிருந்துதான். 2022-ல் போர் வந்ததும் ரஷ்ய வால்வுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. உக்ரைனில் நடக்கும் போருக்கு வேளச்சேரியில் கிட்டார் வாசிப்பவர் பணம் கட்ட வேண்டியிருந்தது.

அண்ணனிடம் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை என் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். என் அக்கா மகனுக்கு உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து சின்ன ட்யூப் ஆம்ப் கொண்டுவந்தார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பையனுக்குப் பொறுமை இல்லை. பின்னால் ஒட்டியிருந்த லேபிளைப் படிக்காமல் அடாப்டர் பின் மட்டும் மாட்டி ஹாலில் செருகினான். இரண்டு விநாடி வால்வுகள் அழகாக, வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தன. பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் வார்னிஷ் கருகிய வாசம் வீடு முழுக்க. டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற 14,000 ரூபாய் ஆனது, அதற்குள் ஆறு மாதம் போனது. வெளிநாட்டில் வாங்கியதால் வாரண்டியும் செல்லவில்லை. விமான நிலையத்தில் வரி வரம்பைத் தாண்டினால் சுங்கவரி வேறு. பில்லோடு, வாரண்டியோடு, 230 வோல்ட்டில் இங்கேயே வாங்குங்கள்.

பேண்ட் சேர்ந்து வாங்குவதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஐந்து பேர் பணத்தில் ஒரு ஆம்ப் என்றால், பேஸ் வாசிப்பவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும் நாளில் அவர் பங்கு என்ன விலை? யார் வீட்டில் வைப்பது? ஸ்பீக்கர் கிழிந்தால் யார் செலவு? பணம் போட்ட நண்பர் அதைத் திரும்பக் கேட்கவும் கூச்சப்படுவார், மறக்கவும் மாட்டார். ஆம்ப் உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் உதவ நினைத்தால், ஒவ்வொரு ஷோவிலும் பங்கு பிரிக்கும் முன் பொதுப் பணத்திலிருந்து 500 ரூபாய் ஆம்ப்புக்கு என்று எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கட்டும். அதை முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள்.

சரி, பணம் எங்கிருந்து? வாடகையும் வண்டியும் போக ஒரு ஷோவில் 2,100, மாதம் 6,300. இந்த ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அதை மட்டும் தனிக் கணக்கில் போடுங்கள். நான்கு மாதத்தில் 25,200, ஏற்கெனவே உள்ள 25,000-ஐச் சேர்த்தால் 50,200. சம்பளத்தையும் எஸ்ஐபியையும் தொட வேண்டாம். டிசம்பர் 31 ஷோவுக்கு முன்னால் கையில் ஆம்ப் இருக்கும். ஃபுட்ஸ்விட்ச் தனியாக வாங்க வேண்டியது, அதற்கும் இப்போதே விலை கேட்டு வையுங்கள். பணம் போதவில்லை என்றால் ஒரு மாதம் தள்ளலாம், கார்டை எடுக்காதீர்கள்.

ஷோ வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுகிறீர்களா? பப் டிடிஎஸ் பிடித்திருந்தால் அது வரித்துறைக்கு ஏற்கெனவே தெரியும். முறையாகக் காட்டி, கணக்கு வைத்திருந்தால் ஆம்ப்பின் விலையில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிக்க வழி உண்டு. பில்லை உங்கள் பெயரில் வாங்கி ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த ஷோவுக்கு வாடகை ஆம்ப் எடுக்கும்போது கட்டானா 100-ஐயே கேட்டு எடுங்கள். எப்படியும் 1,500 கொடுக்கத்தான் போகிறீர்கள். சவுண்ட் செக்கில் டிரம்மரை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, உங்கள் செட் லிஸ்டில் மிக மெல்லிய பாட்டையும் மிகக் கனமான பாட்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். போனை அறையின் கடைசி மேஜையில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் காலையில் நிதானமாகக் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், கணக்கை மறுபடி போடுவோம்.