எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மூளை ஆராய்ச்சி லேபில் சேரலாமா? எதிர்காலம் உண்டா?

இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. நீங்கள் பயோடெக்கோ ஸூவாலஜியோ முடித்திருப்பீர்கள், வீட்டில் "பி.எட். போடு, இல்லாட்டி பேங்க் எக்ஸாம் எழுது" என்று நச்சரிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெங்களூரில் ஒரு லேபில் ஏழு வருடம் இருந்தேன். முதல் வருடம் பிராஜெக்ட் அசிஸ்டன்ட், மீதி பிஎச்.டி. நினைவு எங்கே தங்குகிறது என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்போம் என்று நினைத்துத்தான் போனேன். முதல் மூன்று மாதம் எலி மூளையைச் சீவினேன்.

உறைந்த மூளையை மெல்லிசாக வெட்ட கிரையோஸ்டாட் என்று ஒரு மெஷின், உள்ளே மைனஸ் 20 டிகிரி. பிளேடில் 40 மைக்ரான் சீவல், அதாவது மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தடிமன், சுருண்டுகொண்டு வரும். அதைப் படம் வரைகிற பிரஷ் நுனியால் விரித்து எடுக்க வேண்டும். மூச்சு விட்டால் பறக்கும். அதற்கு முன்னால், பதப்படுத்திய மூளையை 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் போட்டு, அது அடியில் மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை உள்ளே இறங்காவிட்டால் உறையும்போது ஐஸ் கட்டித் திசு கிழியும். ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில், மிதந்துகொண்டிருந்த மூளையையே எடுத்து உறைய வைத்துவிட்டேன். (தீபாவளி சமயம்.) திரும்பி வந்து சீவிப் பார்த்தால் ரவா தோசை மாதிரி முழுக்க ஓட்டை. எட்டு வாரம் மருந்து கொடுத்து வளர்த்த எலி. கைடு திட்டவில்லை. சீனியர் அக்காதான், "அது சும்மா செத்துப்போச்சுடா" என்றார். அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டதில்லை.

சம்பளம் கேட்பீர்கள். பிஎச்.டி. செய்கிறவர்களுக்கான ஃபெலோஷிப் ஜே.ஆர்.எஃப்., 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, வாடகைப் படி தனி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. என் காலத்தில் ஒரு முறை ஐந்து மாதம் பணமே வரவில்லை, மெஸ் அண்ணன் கடன் சொல்லவிட்டதால் சாப்பிட்டேன். ஃபெலோஷிப் ஐந்து வருடத்துக்கு, எனக்கோ பிஎச்.டி. முடிய ஆறு வருடம் ஆனது. "எங்கள் லேபில் அப்படியில்லை" என்று கமென்டில் வரப்போகிறவர்களே, சரி, உங்களுக்கு நல்ல லேப் வாய்த்திருக்கிறது. தோற்றுப்போய்ப் புலம்புகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். பட்டம் வாங்கித்தான் வெளியே வந்தேன்.

இந்த ஃபெலோஷிப்புக்கு எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் மூளைக்கென்று தனிப் பேப்பர் கிடையாது, லைஃப் சயின்சஸ்தான். பெங்களூரில் நிம்ஹான்ஸ், ஐ.ஐ.எஸ்சி., ஹரியானா மானேசரில் என்.பி.ஆர்.சி. என்று எந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனாலும், முதலில் ஆறு மாதம் பிராஜெக்டில் இருந்து பாருங்கள். கைடிடம் பேசுவதற்கு முன் அவருடைய மாணவர்களிடம் டீக்கடையில் பேசுங்கள். பைத்தான் புரோகிராமிங் தெரிந்தால் இன்னும் நல்லது.

சென்னை ஐ.ஐ.டி. பிரெயின் சென்டர் 2024 டிசம்பரில் 14 முதல் 24 வாரக் கருச்சிசு மூளைகளுக்கு அட்லஸ், அதாவது வரைபடத் தொகுப்பு, வெளியிட்டது. செய்தியைக் காட்டி "எவ்வளவு அழகு பாருங்க" என்றாள் மனைவி. என் கண் போனது ஒரு எண்ணில்: 5,132 சீவல்கள். எனக்கு மணிக்கட்டு வலித்தது.